கம்ப்யூட்டர் கற்க யாரைக் கேட்கிறீர்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "எந்தப் புத்தகம் வாங்கினால் சீக்கிரம் கற்றுக் கொள்ளலாம்?" என்பதுதான். நான் சாப்ட்வேர் துறையில் பணிபுரிபவன். நெய்வேலிக்கு வரும் போதெல்லாம் எங்கள் வட்டத்தில் இரண்டு மூன்று பேராவது இதைக் கேட்டு விடுகிறார்கள். நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். "கம்ப்யூட்டரில் ஒரு சந்தேகம் வந்தால் முதலில் யாரைக் கேட்பீர்கள்? அவர் ஊரில் இல்லை என்றால் அடுத்து யாரைக் கேட்பீர்கள்?"

முதல் கேள்விக்கு உடனே பதில் வந்துவிடும். பக்கத்து வீட்டுப் பையன், மகள், அலுவலக நண்பர் என்று ஒரு பெயரைச் சொல்வார்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில்.

அந்தச் சிரிப்பு நாம் நினைப்பதைவிட முக்கியமானது. ஒருவர் புதிய விஷயத்தை எவ்வளவு வேகமாக, எவ்வளவு சரியாகக் கற்கிறார் என்பதில், அவருக்கு யார் யாரைத் தெரியும் என்பதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. சமூகவியலாளர்களும் பொருளாதார வல்லுநர்களும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் எப்படி ஆராய்கிறார்கள், என்ன கண்டுபிடித்தார்கள், அதே ஆராய்ச்சியை நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எப்படிச் செய்து பார்க்கலாம் என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நெட்வொர்க் என்றால்...

நெட்வொர்க் என்றதும் உங்களுக்குக் கேபிளும் மோடமும் ரவுட்டரும் நினைவுக்கு வரும். இங்கே நாம் பேசப் போவது மனிதர்களின் நெட்வொர்க். ஒரு தாளில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு புள்ளி வையுங்கள். ஒருவர் மற்றவரிடம் சந்தேகம் கேட்கிறார் என்றால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒரு கோடு போடுங்கள். கேட்பவரிடமிருந்து சொல்லித் தருபவரை நோக்கி ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான், நெட்வொர்க் படம் தயார். உறவினர், நண்பர், அண்டை வீட்டார் என்று கோடு போனால் அது சமூக நெட்வொர்க். உடன் பணிபுரிபவர், அதே தொழில் செய்பவர் என்று கோடு போனால் அது தொழில்முறை நெட்வொர்க். ஒரே மனிதர் இரண்டிலும் இருக்கலாம். நெய்வேலி போன்ற டவுன்ஷிப்பில் ஷிப்டில் கூட வேலை பார்ப்பவரே எதிர்வீட்டுக்காரராகவும் இருப்பார் என்பதால், இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும்.

நெய்வேலி கற்ற விதம்

நம் ஊரே இதற்கு நல்ல உதாரணம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14ல் தொடங்கப்பட்டது. (2016 முதல் இதன் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட்.) 1957 மே 20ல் அன்றைய பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961ல் பழுப்பு நிலக்கரி முதன்முதலாக வெளியே தெரிந்தது. 1962ல் அனல்மின் நிலையம் மின் உற்பத்தியைத் தொடங்கியது. மின் நிலையத்துக்கு சோவியத் நாட்டு உதவி; மண் வெட்டும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் ஜெர்மனியைச் சேர்ந்தவை. விவசாயம் மட்டுமே தெரிந்திருந்த ஒரு பகுதியில் இந்த யந்திரங்கள் வந்து இறங்கின.

ஜெர்மனியின் சுரங்கங்களில் மண் மென்மையானது. இங்கேயோ நிலக்கரிக்கு மேலே இருந்தது கடினமான கடலூர் மணற்கல். பக்கெட்டின் பற்கள் மிக வேகமாகத் தேய்ந்தன. பாறையை முதலில் வெடி வைத்துத் தளர்த்தி, பிறகு வெட்டும் முறையை இங்கே கொண்டுவர வேண்டியிருந்தது. போதாததற்கு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்துடன் நிலத்தடி நீர். இரவும் பகலும் பம்ப் செய்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்து கொண்டு நீர் மேலே வந்துவிடும்.

யந்திரத்துடன் வரும் மேனுவலில் இதற்கெல்லாம் பதில் இருக்காது. வேலை செய்யும் இடத்தில், அடுத்தவர் செய்வதைப் பார்த்து, கேட்டு, செய்து பார்த்துத்தான் கற்க முடியும். ஷிப்ட் மாறும் போது லாக் புக்கில் எழுதுவது ஒரு பங்கு என்றால், வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவது இன்னொரு பங்கு. "அந்த பேரிங்கில் ஒரு சத்தம் வருகிறது, பார்த்துக் கொள்ளுங்கள்" என்பது போன்ற பேச்சுக்கள் எந்தப் புத்தகத்திலும் ஏறாதவை. ஆனால் அனுபவ அறிவு நகரும் வழி அதுதான்.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரு ஆய்வாளர்கள் 1991ல் எழுதிய நூலில் இந்த வகைக் கற்றலைத்தான் விளக்கினார்கள். லைபீரியாவின் தையல்காரர்களிடம் வேலை பழகுபவர்கள் உட்படப் பல தொழிலாளர்களை அவர்கள் எடுத்துக் கொண்டார்கள். புதிதாக வருபவர் முதலில் ஓரத்தில் நின்று சின்னச் சின்ன வேலைகளைச் செய்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வருகிறார். ஒரு நாள் அவரே மற்றவருக்குச் சொல்லித் தருபவர் ஆகிறார். சுரங்கத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

ஜெராக்ஸ் மெக்கானிக்குகள்

சரி, வாய்ப்பேச்சில் நகரும் அறிவை எப்படி ஆராய்வது? கூடவே போய்ப் பார்ப்பது ஒரு வழி. ஜூலியன் ஆர் என்ற மானுடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தில் பணிபுரிந்தவர். போட்டோ காப்பி யந்திரங்களை ரிப்பேர் செய்யும் டெக்னீஷியன்களுடன் அவர் நாட்கணக்கில் சுற்றினார். யந்திரத்துடன் தரப்பட்ட கையேட்டில் "இந்த எர்ரர் வந்தால் இதைச் செய்" என்று வரிசையாக எழுதியிருந்தது. ஆனால் நிஜத்தில் வந்த பல கோளாறுகள் அந்த வரிசைக்குள் அடங்கவில்லை. அப்போது டெக்னீஷியன்கள் என்ன செய்தார்கள்? சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாக உட்கார்ந்து, "இப்படித்தான் ஒரு தடவை..." என்று கதை சொன்னார்கள். அந்தக் கதைகளில்தான் தீர்வு இருந்தது. இந்த ஆய்வு 1996ல் புத்தகமாக வந்தது.

இதைப் புரிந்து கொண்ட ஜெராக்ஸ், 1990களில் 'யுரேகா' என்ற முறையை உருவாக்கியது. டெக்னீஷியன்கள் தாங்கள் கண்டுபிடித்த தீர்வுகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வார்கள். மற்ற டெக்னீஷியன்கள் அதைச் சரிபார்ப்பார்கள். பிறகு அது எல்லோருக்கும் கிடைக்கும். எழுதியவருக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது அவர்கள் விரும்பியது வேறு. தீர்வுடன் தங்கள் பெயர் வந்தால் போதும் என்றார்கள். சொல்லித் தருபவர் எதிர்பார்ப்பது பல சமயம் மரியாதையை மட்டுமே. உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தரும் பக்கத்து வீட்டுப் பையனும் அப்படித்தான்.

நெருங்கியவரா, தூரத்தவரா?

இரண்டாவது வழி, கேட்டு எண்ணுவது. 1973ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் மிகப் புகழ் பெற்றது. தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களிடம் அவர் ஒரு எளிய கேள்வியைக் கேட்டார். "அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" அடிக்கடி என்று சொன்னவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். மிக அரிதாக என்றவர்கள் 27.8 சதவீதம். அவர் கேட்டது சிறிய எண்ணிக்கையிலான ஆட்களைத்தான். ஆனாலும் நெருங்கிய நண்பரை விட, லேசாகத் தெரிந்தவரே அதிகம் உதவியிருக்கிறார் என்பது தெளிவாகத் தெரிந்தது.

காரணம் எளிது. நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் புழங்குகிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரியும். லேசாகத் தெரிந்தவர் வேறு வட்டத்தில் புழங்குகிறார். அங்கிருந்து புதிய தகவலைக் கொண்டு வருகிறார்.

2003ல் தொடங்கப்பட்ட லிங்க்ட்இன் என்ற தொழில்முறைத் தளத்தில் இதையே மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள். "உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடியவர்கள்" என்று அந்தத் தளம் காட்டும் பட்டியலைச் சிலருக்கு ஒரு மாதிரியும் சிலருக்கு வேறு மாதிரியும் மாற்றி அமைத்து, 2015 முதல் 2019 வரை 2 கோடி பேரைக் கவனித்தார்கள். 2022ல் 'சயின்ஸ்' இதழில் வந்த இதன் முடிவு, கிரானோவெட்டர் சொன்னதைச் சற்றுத் திருத்தியது. வேலை கிடைக்க அதிகம் உதவியவர்கள் முற்றிலும் அறிமுகமற்றவர் போன்றவர்கள் அல்ல. மிக நெருங்கியவர்களும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, பொதுவாகச் சில நண்பர்கள் இருக்கும் மிதமான அறிமுகக்காரர்கள்தான்.

கம்ப்யூட்டர் கற்பதிலும் இதைப் பார்க்கலாம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே நாலு விஷயம். வங்கியில் வேலை பார்க்கும் தூரத்து உறவினருக்கு ஸ்ப்ரெட்ஷீட் தெரியும். டிடிபி சென்டர் வைத்திருப்பவருக்குத் தமிழ் டைப்பிங் தெரியும். போட்டோ ஸ்டூடியோக்காரருக்குப் படங்களை ஒழுங்குபடுத்தத் தெரியும். எப்போதாவது சந்திக்கும் இவர்கள்தான் உங்களுக்குப் புதிய கதவுகள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு போன்

தூரத்துத் தொடர்பும் பக்கத்துத் தொடர்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலூர் மாவட்டத்தை ஒட்டிய புதுச்சேரியிலேயே ஒரு சான்று உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. ஒவ்வொரு மையத்திலும் ஒரு கம்ப்யூட்டர். அந்த ஊர்க்காரர் ஒருவரே அதை இயக்குவார். வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரம் பற்றிய கணிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கிராமத்தில் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. ஒரு கம்ப்யூட்டர், தெரிந்த ஒரு குரல், ஒரு ஒலிபெருக்கி போதுமானதாக இருந்தது.

2004 டிசம்பர் 26, சுனாமி நாள். நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். டிவியில் செய்தியைப் பார்த்து ஊருக்குப் போன் செய்தார். ஊரில் இருந்தவர்கள் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி மூலம் எல்லோரையும் எச்சரித்து வெளியேற்றினார்கள். வீடுகளும் படகுகளும் சேதமடைந்தன. ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள். செய்தி தூரத்திலிருந்து வந்தது. அதை நம்பி உடனே எழுந்து ஓட வைத்தது பக்கத்தில் இருந்த பழக்கமான குரல். ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்பட்டிருக்காது.

ஊர்ச் செய்தி யார் வாயில்?

எந்த மனிதரிடம் சொன்னால் செய்தி ஊர் முழுக்கப் பரவும்? 2019ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோர், அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் ஆகியோருடன் சேர்ந்து கர்நாடக கிராமங்களில் இதை ஆராய்ந்தார்கள். முதலில் வீடு வீடாகச் சென்று, யார் யாரிடம் பேசுகிறார்கள், யாரிடம் யோசனை கேட்கிறார்கள், யாரிடம் மண்ணெண்ணெய் அல்லது அரிசி கடன் வாங்குகிறார்கள் என்று கேட்டு நெட்வொர்க் படம் தயாரித்தார்கள். அதற்கு ஏராளமான நேரமும் பணமும் செலவாயிற்று.

பிறகு ஒரு குறுக்கு வழியைச் சோதித்தார்கள். ஊர்க்காரர்களிடமே, "ஒரு செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் யாரிடம் சொல்லலாம்?" என்று கேட்டார்கள். 213 கிராமங்களில், குறிப்பிட்ட எண்ணுக்குப் போன் செய்பவர்களுக்கு மொபைல் போன் அல்லது பணப் பரிசு கிடைக்க வாய்ப்பு உண்டு என்ற செய்தியைச் சிலரிடம் மட்டும் சொல்லிவிட்டு, எத்தனை போன்கள் வருகின்றன என்று எண்ணினார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் சொன்ன இடங்களை விட, "இவரிடம் சொன்னால் பரவும்" என்று ஊர்க்காரர்கள் கைகாட்டியவரிடம் சொன்ன இடங்களில் அதிக போன்கள் வந்தன. ஹரியானாவில் இதே முறையில் தடுப்பூசி முகாம் பற்றிய நினைவூட்டலைப் பரப்பியபோது, தடுப்பூசி போட வந்த குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 22 சதவீதம் அதிகமாயிற்று.

பதவியில் உயர்ந்தவர் வேறு, நெட்வொர்க்கின் நடுவில் இருப்பவர் வேறு என்பதை இதிலிருந்து தெரிந்து கொள்ளலாம். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். யாரிடம் கேட்டாலும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்.

சுவரில் ஒரு கம்ப்யூட்டர்

ஆளே இல்லாமல், கம்ப்யூட்டரை மட்டும் வைத்துவிட்டால் கற்க முடியாதா? சுகதா மித்ரா 1999ல் டெல்லியின் கல்காஜி பகுதியில் ஒரு சுவரில் ஓட்டை போட்டு, அதில் இன்டர்நெட் வசதியுடன் கூடிய கம்ப்யூட்டரை வைத்தார். பக்கத்துக் குடிசைப் பகுதிக் குழந்தைகள் யாரும் சொல்லித் தராமலே பயன்படுத்தப் பழகினார்கள். ஆனால் உற்றுப் பார்த்தால் அவர்கள் தனியாகக் கற்கவில்லை. ஒருவர் மவுஸைப் பிடிக்க, சுற்றி நின்றவர்கள் "அதை அழுத்து, இதை அழுத்து" என்று சொல்லிக் கூட்டமாகத்தான் கற்றார்கள்.

பின்னர் தமிழ் பேசும் காளிக்குப்பம் கிராமத்தில் இதைவிடக் கடினமான சோதனையைச் செய்தார். ஆங்கிலத்தில் இருந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் போனார். சில மாதங்களில் குழந்தைகள் எடுத்த மதிப்பெண் ஏறக்குறைய 30 சதவீதம். பிறகு அந்தக் குழந்தைகளுக்கு நன்கு பழக்கமான ஒரு இளம்பெண்ணைத் துணைக்கு வைத்தார். அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. பின்னால் நின்று, "அட, இது என்ன? எனக்கும் காட்டேன்" என்று ஒரு பாட்டியைப் போல ஆர்வத்துடன் கேட்பது மட்டுமே அவர் வேலை. மதிப்பெண் சுமார் 50 சதவீதத்துக்கு உயர்ந்தது. 2010ல் இந்த ஆய்வு வெளியாயிற்று.

அதே ஆண்டில் பாயல் அரோரா என்ற ஆய்வாளர் இதன் மறுபக்கத்தை எழுதினார். உத்தரகண்டின் அல்மோராவிலும் ஹவல்பாகிலும் இப்படி வைக்கப்பட்ட கம்ப்யூட்டர்கள் நிலைக்கவில்லை. ஊர் மக்களும் பள்ளியும் அதைத் தங்களுடையதாக எடுத்துக் கொள்ளாத இடத்தில் பெட்டி மட்டும் வைத்துப் பயனில்லை என்பது புரிந்தது. வீட்டில் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் உறையைப் போர்த்திக்கொண்டு சும்மா கிடப்பதும் பெரும்பாலும் இதே காரணத்தால்தான்.

உங்கள் நெட்வொர்க்கை நீங்களே வரையுங்கள்

இனி நம் முறை. எக்ஸெல் இருந்தால் அதைத் திறந்து கொள்ளுங்கள். இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள 'கால்க்' புரோகிராம் போதும்.

1. உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ ஏழெட்டுப் பேரிடம், "கம்ப்யூட்டரில் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பெயருக்குப் பதிலாக ஆளுக்கு ஓர் எண் கொடுங்கள். ஆராய்ச்சியாளர்களும் இப்படித்தான் பெயரை மறைத்து வைப்பார்கள்.

2. முதல் வரிசையில், முதல் கட்டத்தில் சோர்ஸ் என்றும் இரண்டாவது கட்டத்தில் டார்கெட் என்றும் ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். சோர்ஸ் என்பது கேட்பவர். டார்கெட் என்பது சொல்லித் தருபவர்.

3. அதன் கீழே ஒவ்வொரு பதிலையும் ஒரு வரிசையாகப் பதியுங்கள்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். 1, 3, 4, 5 ஆகிய நால்வரும் கல்லூரி மாணவரான 2 என்பவரைக் கேட்கிறார்கள். 4 என்பவர் சில சமயம் 1 என்பவரையும் கேட்கிறார். மாணவர் 2, கடைவீதியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் 6 என்பவரைக் கேட்கிறார். கடைக்காரர் 6, சென்னையில் இருக்கும் நண்பர் 7 என்பவரைக் கேட்கிறார். ஆக மொத்தம் ஏழு வரிசைகள்.

4. டார்கெட் பத்தியை 'சார்ட்' செய்யுங்கள். ஒரே எண்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடும். 2 என்ற எண் நான்கு முறை வருகிறது. 1, 6, 7 ஒரு முறைதான் வருகின்றன. எத்தனை பேர் ஒருவரைக் கேட்கிறார்கள் என்ற இந்த எண்ணிக்கைதான் நெட்வொர்க் ஆராய்ச்சியின் முதல் அளவு.

5. இந்த பைலை சி.எஸ்.வி. வகையில் சேவ் செய்யுங்கள். படமாகப் பார்க்க ஜெஃபி (ஆங்கிலத்தில் ஜி, இ, பி, எச், ஐ) என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்த இணையதளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். அதில் பைல் மெனுவில் இம்போர்ட் ஸ்ப்ரெட்ஷீட் என்பதைக் க்ளிக் செய்து உங்கள் பைலைக் கொடுங்கள். கிராஃப் வகை கேட்கும் போது டைரக்டட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். புள்ளிகளும் அம்புக்குறிகளும் திரையில் தோன்றும்.

6. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் நெட்வொர்க் டயாமீட்டர் என்பதற்கு எதிரே உள்ள ரன் பட்டனை அழுத்துங்கள். பிட்வீன்னஸ் என்ற அளவு கணக்கிடப்படும். டேட்டா லேபரட்டரி பகுதியில் ஒவ்வொருவருக்கும் எதிரே அந்த எண் தெரியும்.

பிட்வீன்னஸ் என்றால் என்ன? மற்றவர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழிகளில் எத்தனை வழிகள் இந்த மனிதர் வழியாகப் போகின்றன என்ற கணக்கு. நம் உதாரணத்தில் மாணவர் 2க்கு 8 கிடைக்கும். கடைக்காரர் 6க்கு 5. அவரை ஒரே ஒருவர்தான் கேட்கிறார். ஆனாலும் சென்னையிலிருந்து வரும் எல்லாத் தகவலும் அவர் வழியாகத்தான் வர வேண்டும். வெறுமனே எண்ணிப் பார்த்தால் இந்த ஆளின் முக்கியத்துவம் தெரியாது. படம் வரைந்தால்தான் தெரியும்.

இப்போது மாணவர் 2 படிப்பை முடித்து வேலைக்காக பெங்களூரு போய்விடுகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் புள்ளியை அழித்துப் பாருங்கள். நான்கு பேருக்கும் கடைக்காரரிடமோ சென்னைக்கோ போகும் வழி அறுந்துவிட்டது. சரி, அவர் ஊரில் இருக்கும் போதே 5 என்பவர் கடைக்காரர் 6 என்பவரை நேரடியாக அறிமுகம் செய்து கொண்டிருந்தால்? ஒரே ஒரு வரிசையைச் சேர்த்து மறுபடி ரன் கொடுங்கள். 2இன் அளவு 8லிருந்து 6 ஆகக் குறைகிறது. அவர் போய்விட்டாலும் 5க்கு வழி இருக்கிறது. மற்ற மூவரும் 5 என்பவரைக் கேட்டுக் கொள்ளலாம். ஒரே ஒரு அறிமுகம். ஒரு தெருவே பிழைத்துக் கொள்கிறது.

இது ஏன் விளையாட்டு அல்ல?

டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். நிறுவனக் குடியிருப்பு என்பது வேலை இருக்கும் வரைதான். ஓய்வு பெற்றதும் வடலூர், இந்திரா நகர், கடலூர், புதுச்சேரி என்று ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். முப்பது ஆண்டுகளாக ஒரு வட்டத்துக்குள் வளர்ந்த நெட்வொர்க் ஒரே மாதத்தில் அறுந்து போகிறது. பலர் கம்ப்யூட்டர் வாங்குவதும், பென்ஷன், சேமிப்பு எல்லாம் ஆன்லைனுக்கு மாறுவதும் அதே சமயத்தில்தான். அதிகம் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க ஆள் இருப்பதில்லை.

மோசடிக்காரர்கள் இதை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். போலீஸ் என்றும் வங்கி என்றும் சொல்லிப் போன் செய்பவர்கள் முதலில் சொல்வது என்ன? "இதை யாரிடமும் சொல்லாதீர்கள். போனை வைக்காதீர்கள்." உங்கள் பணத்தைத் தொடும் முன் அவர்கள் உங்கள் நெட்வொர்க்கைத் துண்டிக்கிறார்கள். அந்த நேரத்தில் வேறு ஒருவரிடம், ஒரே ஒருவரிடம், "இப்படி ஒரு போன் வந்திருக்கிறது" என்று சொன்னால் போதும். பெரும்பாலான மோசடி அங்கேயே உடைந்துவிடும். யாரிடமும் சொல்லாதே என்று ஒருவர் சொன்னால், உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று பொருள் கொள்ளுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

புதியவர்களுக்குச் சில யோசனைகள்

கேட்பதற்குக் குறைந்தது மூன்று பேரை வைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கட்டும். ஒருவர் வேறு ஊரில், போனில் கிடைப்பவராக இருக்கட்டும். ஒருவர் வேறு தொழிலில் இருப்பவராக இருக்கட்டும்.

வெளியூரில் உள்ள மகனோ மகளோ உங்கள் திரையைப் பார்த்து உதவ விண்டோஸில் குயிக் அசிஸ்ட் என்ற வசதி உள்ளது. நீங்களாக அழைத்த, உங்களுக்கு நன்கு தெரிந்த ஆளுக்கு மட்டுமே இந்த அனுமதியைத் தர வேண்டும். தானாகப் போன் செய்து திரையைக் காட்டச் சொல்பவருக்கு ஒருபோதும் தராதீர்கள்.

ஒருவர் சொல்லித் தரும் போது மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும். அவர் வேகமாகச் செய்து காட்டிவிட்டுப் போனால் வேலை முடியும். நீங்கள் கற்றிருக்க மாட்டீர்கள். கற்றதை ஒரு நோட்டில் எழுதி, யார் சொன்னது என்று பக்கத்தில் குறித்து வையுங்கள். உங்கள் சொந்த யுரேகா அதுதான்.

கற்ற அன்றே அதை வேறு ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடவே தயங்கும் ஒருவர் இருப்பார். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இது என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லச் சொல்ல உங்களுக்கே தெளிவாகும். காளிக்குப்பத்துக் குழந்தைகளுக்கு உதவிய இளம்பெண்ணுக்கும் பாடம் தெரியாதுதானே!

ஓய்வு பெற இன்னும் ஓரிரு ஆண்டுகள் இருப்பவர்கள் இந்த வாரமே அந்த ஏழெட்டு வரிசைகளை டைப் செய்து பாருங்கள். உங்கள் புள்ளியிலிருந்து ஒரே ஒரு அம்புக்குறிதான் வெளியே போகிறதா? அப்படியானால் அடுத்த வேலை என்ன என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் புதிய சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. எழுந்து போய் ஒருவரிடம் பேசினால் போதும்.